பூட்டானில் வெளிநாட்டுத் தன்னார்வலர்கள்

பூட்டானில் வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் என்னும் இக்கட்டுரை, கிழக்கு இமயமலையில் இந்தியாவுக்கும் திபெத்துக்கும் நடுவே 38,394 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்த பூட்டான் நாட்டில் 1960கள் முதல் பணியாற்றிவரும் அயல்நாட்டு ஆசிரியர்கள், மருத்துவர்கள், வேளாண் வல்லுநர்கள், பொறியாளர்கள் ஆகியோரைப் பற்றியது. இவர்கள் அனைவரையும் ஒரே வகையில் அடக்க முடியாது. ஐக்கிய நாடுகள் தன்னார்வலர் திட்டம், பிரிட்டனின் வி.எஸ்.ஓ., ஜப்பானின் கடல்கடந்த தன்னார்வலர் அமைப்பு போன்றவற்றின் வழி வந்தவர்கள் வாழ்க்கைச் செலவுக்கான படியை மட்டும் பெற்றுக்கொண்டு உழைத்தவர்கள். பன்னாட்டு வளர்ச்சி உதவி ஏற்பாடான கொழும்புத் திட்டத்தின் கீழ் முறையான நியமனத்தோடு வந்த வல்லுநர்கள் வேறு. மடத்துத் துறவியர் வேறு. ஆனால் ஊர்மக்களின் நினைவில் இந்தப் பாகுபாடு அவ்வளவாக நிற்கவில்லை. யார் நெடுங்காலம் தங்கினார்கள் என்பதையே அவர்கள் கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

பின்னணி

மூன்றாம் மன்னர் ஜிக்மே டோர்ஜி வாங்சுக் காலத்தில், 1961இல், பூட்டானின் முதல் ஐந்தாண்டுத் திட்டம் இந்தியாவின் நிதியுதவியோடு தொடங்கியது. அதுவரை எல்லையிலிருந்து தலைநகர் திம்புவுக்குப் போக மோட்டார் சாலை கிடையாது. கோவேறு கழுதைகளோடு நாள்கணக்கில் மலையேற வேண்டும். எல்லை ஊரான புன்ட்ஷோலிங்கிலிருந்து திம்புவுக்குச் சாலை போட்டது இந்தியாவின் எல்லைச் சாலைகள் அமைப்பு. புதிதாகத் திறந்த பள்ளிகளில் பாடம் நடத்தியவர்களில் கேரளத்திலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் போன இந்திய ஆசிரியர்கள் ஏராளம். எண்ணிக்கையில் பார்த்தால் பூட்டானின் நவீனக் கல்வியில் இவர்களின் பங்கே பெரிது. சம்பளத்துக்குப் போனவர்கள் என்பதாலோ என்னவோ, மேலைநாட்டவர் எழுதிய பயண நூல்களில் இவர்கள் ஓரமாகவே வந்து போகிறார்கள்.

பூட்டான் 1962இல் கொழும்புத் திட்டத்திலும் 1971இல் ஐ.நா. சபையிலும் சேர்ந்தது. உதவி என்ற பெயரில் வந்த எல்லாவற்றுக்கும் அது கதவைத் திறந்துவிடவில்லை. நேபாளத்தில் 1962இலேயே கால்பதித்த அமெரிக்கத் தன்னார்வலர் அமைப்பான அமைதிப்படை பூட்டானில் இயங்கவில்லை. கிறித்தவ அமைப்புகள் மருத்துவமனை நடத்தலாம், பள்ளி நடத்தலாம். மதம் பரப்பக் கூடாது. திம்புவுக்கு அருகே கிடாகோமில் தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனையும், கிழக்கே ரிசர்பூவில் நார்வே சமயப் பணியாளர்கள் கட்டிய மருத்துவமனையும் இந்த நிபந்தனைக்கு உட்பட்டே நடந்தன.

மெக்கியும் நிஷியோகாவும்

கனடாவின் மான்ட்ரியல் நகரில் 1915இல் பிறந்த இயேசு சபைத் துறவி வில்லியம் மெக்கி, டார்ஜிலிங்கில் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்துவிட்டு, 1963இல் அரசின் அழைப்பின்பேரில் கிழக்கு பூட்டானின் டிராஷிகாங் வந்து பள்ளி தொடங்கினார். பின்னர் காங்லுங்கில் 1968இல் திறக்கப்பட்ட ஷெருப்ட்சே பள்ளி அவர் பொறுப்பில் வளர்ந்தது. நாட்டின் முதல் கல்லூரியாக உயர்ந்ததும் அதுவே. இன்றைய மூத்த அதிகாரிகள் பலர் அங்கே படித்தவர்கள். பிற்காலத்தில் பள்ளி ஆய்வாளராகப் பணியாற்றிய மெக்கி, பூட்டான் குடியுரிமை பெற்று, 1995இல் அந்நாட்டிலேயே காலமானார்.

ஜப்பானிய வேளாண் வல்லுநர் கெய்ஜி நிஷியோகாவின் கதை இதைவிட விரிவானது. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1964இல் மனைவியோடு பாரோ பள்ளத்தாக்குக்கு வந்தார். ஒப்பந்தம் இரண்டே ஆண்டுகளுக்கு. முதலில் அவருக்குக் கிடைத்தது ஒரு சிறு துண்டு நிலமும் உதவிக்குச் சில பையன்களும்தான். அதில் ஜப்பானிய முள்ளங்கி உள்ளிட்ட காய்கறிகளைப் போட்டார். விளைச்சல் பேசத் தொடங்கியதும் போன்டே என்ற இடத்தில் பெரிய பண்ணை அமைந்தது. அடுத்து நெல். பாரோ உழவர்கள் நாற்றை வரிசை பாராமல் கலைத்து நடுவது வழக்கம். நிஷியோகா கயிறு பிடித்து வரிசையாக நட்டுக் காட்டினார். வரிசைகளுக்கிடையே உருளும் களைக்கருவியை ஓட்டலாம், குனிந்து கையால் களை பறிக்கும் பாடு குறையும், மகசூலும் கூடும். தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்ததை மாற்ற யாரும் உடனே முன்வரவில்லை. பக்கத்து வயலின் கதிரைக் கண்ணால் பார்த்த பிறகே வரிசை நடவு பாரோ எங்கும் பரவியது.

1970களின் பிற்பகுதியில் அவர் தெற்கே ஷெம்காங் பகுதிக்குப் போனார். காடெரித்துப் பயிரிட்டு இடம் மாறிக்கொண்டிருந்த மக்கள் வாழ்ந்த, சாலையே எட்டாத இடம் அது. பெரிய இயந்திரங்களைக் கொண்டுபோகாமல், மூங்கில், கம்பி என்று ஊராரே பழுதுபார்க்கக்கூடிய பொருள்களை வைத்துச் சிறு வாய்க்கால்களையும் 17 தொங்குபாலங்களையும் அமைத்தார். இதில் சில நூறு கோடிகள் செலவாகும் பெருந்திட்டங்களுக்கு இல்லாத ஒரு வசதி இருந்தது: அவர் போன பிறகும் வாய்க்கால் அடைத்தால் எடுத்துவிட ஊரில் ஆள் உண்டு. அப்போதைய மன்னர் அவருக்கு 1980இல் ‘தாஷோ’ என்னும் உயர் மரியாதைப் பட்டமளித்தார். வெளிநாட்டவருக்கு அது அரிதினும் அரிது. 1992 மார்ச்சில் பூட்டானிலேயே இறந்த நிஷியோகாவுக்கு பாரோவில் நினைவு ஸ்தூபி இருக்கிறது.

அமைப்புகளின் வருகை

ஸ்விட்சர்லாந்தின் வளர்ச்சி உதவி அமைப்பான ஹெல்வெட்டாஸ் 1975இல் பூட்டானில் பணியைத் தொடங்கியது. மலையோடைகளின் மேல் நடைபாலங்கள் கட்டியதில் அதற்குப் பெயர் உண்டு. பும்தாங் பள்ளத்தாக்கில் பாலாடைக்கட்டி தயாரிப்பு வேரூன்றியதும் ஸ்விட்சர்லாந்துக்காரர்களால்தான். ஜப்பான் 1980களின் இறுதியில் இளைஞர்களை அனுப்பத் தொடங்கியது. உடற்கல்வி, கட்டடக்கலை, வேளாண் இயந்திரம் என அவர்களின் துறைகள் பல. ஜப்பானின் நன்கொடையாக வந்த பவர் டில்லர்கள் படிவயல்களில் ஓடிக்கொண்டேயிருக்கப் பழுதுபார்க்கத் தெரிந்த உள்ளூர்க் கைகள் வேண்டும். அந்தப் பயிற்சியும் இதில் அடக்கம்.

மருத்துவத்தில் தேவை வேறு மாதிரி. நாட்டில் பல பத்தாண்டுகளுக்கு மருத்துவக் கல்லூரியே இல்லை. பூட்டானிய மாணவர்கள் இந்தியா, இலங்கை, வங்கதேசம் போய்ப் படித்துத் திரும்பினார்கள். அந்த இடைவெளியை ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தின் சிறப்பு மருத்துவர்கள் ஓரளவு அடைத்தார்கள். தன்னார்வலர் என்றாலே மேலைநாட்டவர் என்ற எண்ணத்துக்கு மாறாக, இத்திட்டத்தில் பணியாற்றுவோரில் பெரும்பாலானவர்கள் வளரும் நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

கிழக்கு மாவட்டப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டவர்களுக்குப் பயணமே ஒரு சோதனை. திம்புவிலிருந்து டிராஷிகாங் போகும் முதன்மைச் சாலை 3,700 மீட்டருக்கு மேல் உயரமுள்ள துரும்சிங் கணவாயைக் கடக்கிறது. மழைக்காலத்தில் மண்சரிந்தால் வண்டிகள் அங்கங்கே நின்றுவிடும். 1980களின் இறுதியில் கனடிய அமைப்பொன்றின் வழி பெமாகாட்ஷெல் போன ஆசிரியை ஜேமி ஸெப்பா 1999இல் வெளியிட்ட நினைவுநூல் இந்த வாழ்க்கையை எழுத்தில் பிடித்தது. நேபாளி பேசும் தென்பகுதி மக்களுக்கும் அரசுக்கும் இடையே அப்போது மூண்ட பகை தன் மாணவர்களிடையே எப்படிப் புகுந்தது என்பதையும் அதில் அவர் எழுதினார். 1990களின் தொடக்கத்தில் அம்மக்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் நாட்டைவிட்டு வெளியேறி நேபாள முகாம்களில் தங்கினர். விருந்தாளியாக வந்த தன்னார்வலர் இதில் வாய்திறக்கலாமா என்பது தீராத வழக்கு. பெரும்பாலான அமைப்புகள் பேசவில்லை.

இன்றைய நிலை

பூட்டானியப் பட்டதாரிகள் பெருகப் பெருக அயல்நாட்டு ஆசிரியர் இடங்கள் குறைந்தன, வி.எஸ்.ஓ. விலகிக்கொண்டது. 2010 வாக்கில் பூட்டான் கனடா அறக்கட்டளை மறுபடி ஆசிரியர்களை அனுப்பியது. இதற்கிடையே, 2011இல் தொடங்கிய தேசூங் அமைப்பின் ஆரஞ்சு உடை அணிந்த உள்நாட்டுத் தன்னார்வலர்கள் பேரிடர்ப் பணி முதல் கொரோனாக் கால எல்லைக் காவல் வரை செய்தனர். 2020களில் ஆயிரக்கணக்கான பூட்டானியர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களில் ஆசிரியர்களும் செவிலியர்களும் கணிசம் என்பதால், நிரம்பிவிட்டதாக எண்ணிய பணியிடங்கள் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் மீண்டும் காலியாகி வருகின்றன.