அளந்து இட்ட மருந்து

தென்னேரிக் கரைமீது நின்று நோக்கினால் மறுகரை கண்ணுக்கு எளிதில் எட்டாது. திரையன் ஏரி என்னும் பெயரே மருவித் தென்னேரி ஆயிற்று என்று ஊர்ப் பெரியோர் கூறுவர். ஏரி நிறைந்திருக்கும் மாதங்களில் சிறவியும் உள்ளானும் நாரையும் அங்கு வந்து இறங்கும். அவற்றைத் தேடி நரிக்குறவர் சிலரும் வருவர். 1967ஆம் ஆண்டளவில், எட்டு வயதுச் சிறுவனாக, அவர்களுள் முதியவர் ஒருவர் தம் நாட்டுத் துப்பாக்கியைக் கெட்டிப்பதைக் கரையில் அமர்ந்து கண்டேன். பிற்காலத்தில் வரலாற்று ஆசிரியனாக எத்தனையோ போர்களை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஆயினும் துப்பாக்கி என்பது இன்னதென்று நான் அறிந்தது அன்றுதான்.

அவர் கழுத்தில் ஒரு சிறு மூங்கில் குழாய் தொங்கியது. அதுவே அவருடைய அளவை. குழாயில் கருமருந்தை நிரப்பி, மேலே விரலால் வழித்துவிட்டு, துப்பாக்கியின் வாய் வழியே கொட்டினார். அதன்மேல் தேங்காய் நாரை இட்டுக் கம்பியால் குத்திக் கெட்டித்தார். பின்னர் ஈய ரவைகள், மீண்டும் நார். இவ்வளவும் செய்ய நெடுநேரம் ஆயிற்று. “ஏன் தாத்தா, இன்னும் கொஞ்சம் மருந்து போட்டால் தூரம் போகாதா?” என்று கேட்டேன். “குறைஞ்சா பறவைக்குக் காயம் சாமி, கூடிப்போனா எனக்குக் காயம்” என்றார்.

அவர் கூறியது முற்றிலும் உண்மை. மருந்து குறைந்தால் ரவை உயிரைப் போக்காது. அடிபட்ட பறவை கோரைக்குள் ஒளிந்து பல நாள் துன்புற்றுச் சாகும். மருந்து மிகுந்தாலோ குழலே வெடித்துவிடும். மேலை நாடுகளில் இன்றும் தம் தோட்டாக்களைத் தாமே நிரப்பிக்கொள்ளும் வேட்டைக்காரர் பலர் உளர். சுட்டு ஒழிந்த பித்தளைக் கூட்டைத் தூய்மை செய்து, அளவு சரிபார்த்து, மருந்தைத் தராசில் நிறுத்து இடுகின்றனர். அவர்கள் கையாளும் நிறை ‘கிரெயின்’ எனப்படும். 7000 கிரெயின் ஒரு பவுண்டு. தானிய மணியின் எடையே அதற்கு மூலம். நம் பொற்கொல்லர் நெல்லெடை, குன்றிமணி என்று நிறுத்ததும் இதே முறைதான். இரண்டு கிரெயின் ஏறக்குறைய ஒரு குன்றிமணி எடை.

கருமருந்தின் ஆட்சி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் முடிவுற்றது. 1889இல் ஏபெல், டூவர் என்னும் அறிஞர் இருவர் கார்டைட் என்ற புகையில்லா மருந்தைக் கண்டனர். நீலகிரியில் அருவங்காட்டில் 1903இல் நிறுவப்பட்ட தொழிற்சாலை அம்மருந்தின் பெயராலேயே அமைந்தது. இம்மருந்துக்கு வெப்பம் ஆகாது. வெயில் ஏற ஏறக் குழலுக்குள் அழுத்தமும் ஏறும். ஆகவே வெப்ப நாடுகளுக்கென மருந்தைச் சற்றே குறைத்துத் தோட்டாச் செய்தனர்.

புதிய மருந்தால் குண்டின் வேகம் பெருகிற்று. வெறும் ஈயம் அவ்வேகத்தைத் தாங்காது. ஆதலால் ஈயத்தின்மேல் கடினமான உலோக உறை போர்த்தினர். அதனால் வேறொரு விளைவு நேர்ந்தது: குண்டு உடலைத் துளைத்து மறுபுறம் நேராகச் சென்றுவிட்டது. 1895இல் சித்ரால் போரில், சுடப்பட்டவர் வீழாமல் மேலும் முன்னேறி வந்தனர் என்று ஆங்கிலப் படையினர் குறைகூறினர். கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில் கேப்டன் நெவில் பெர்ட்டி கிளே என்பவர், குண்டின் முனையில் மட்டும் உறையை நீக்கி ஈயம் வெளித்தெரியுமாறு செய்தார். அக்குண்டு தைத்தவுடன் காளான்போல் விரிந்தது. உலகம் முழுதும் இன்றளவும் ‘டம்டம் குண்டு’ என்று வழங்கும் பெயர் நம் நாட்டு ஊரொன்றின் பெயர். பெருமைப்படத் தக்கதன்று.

1899இல் ஹேக் நகரில் கூடிய மாநாடு, விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தலாகாதென அறிவித்தது. பிரிட்டன் அன்று எதிர்த்து நின்று, 1907இல்தான் இசைந்தது. மாணவர்களே, இங்கே ஒரு வியப்பைக் காணுங்கள். போரில் கொடுமையென விலக்கப்பட்ட அதே குண்டு, வேட்டையில் இரக்கமெனக் கருதப்பட்டது. மானும் புலியும் மென்தோலின. விரியும் குண்டு தன் ஆற்றல் முழுவதையும் உடலுக்குள்ளேயே செலவிட்டு நொடியில் உயிர் போக்கும். யானைக்கும் காட்டெருமைக்கும் அது பயனற்றது. தடித்த எலும்பை ஊடுருவ முழு உறையிட்ட குண்டே வேண்டும். தவறான குண்டைத் தேர்ந்தவன் அடிபட்ட விலங்கைக் காட்டில் விட்டுவருவான்.

அதன் பயன் யாது? குமாவூன் மலையில் சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றது என்று ஜிம் கார்பெட் எழுதியுள்ளார். 1907இல் அதனைச் சுட்டபின் வாயைத் திறந்து பார்த்தார். வலப்புறத்து மேல், கீழ்க் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. யாரோ ஒருவன் முன்பு சுட்ட குண்டின் பழைய காயம் அது. இயல்பான இரையைக் கொல்ல இயலாமல் அது மனிதரை நாடியது என்பது அவர் முடிவு. அன்று அவர் கொண்டுசென்றவை மூன்றே தோட்டாக்கள். அவை தீர்ந்தபின் தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கிச் சுட்டார். அதன் குழலுக்கும் பின்பகுதிக்கும் இடையே எட்டில் மூன்று அங்குல இடைவெளி இருந்ததாம்! வாயைக் குறிவைத்த குண்டு பாதத்தில் பட்டு, விரல் நகத்தால் எடுக்கும் அளவுக்கே பதிந்திருந்தது. முன்னமே இரு குண்டுகளால் தளர்ந்திருந்ததால் புலி வீழ்ந்தது. அவர் பிழைத்தார்.

எங்கள் மாவட்டத்திற்குத் தெற்கே வேடந்தாங்கல் மக்கள் இவ்வகை ஆராய்ச்சி எதிலும் இறங்கவில்லை. வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, எச்சம் கலந்த ஏரிநீரே எங்கள் வயலுக்கு உரம் என்று கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டனர். 1798ஐ ஒட்டி, சுடுதல் கூடாதென உத்தரவும் பெற்றனர். 1858இல் அதைப் புதுப்பித்துக்கொண்டனர். தென்னேரிக்கு அத்தகைய காகிதம் ஏதும் இல்லை.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து அம்முதியவரை எங்கள் தெருவில் மீண்டும் கண்டேன். தோளில் துப்பாக்கி இல்லை. பாசிமணியும் ஊசியும் விற்றுவந்தார். கழுத்தில் அதே மூங்கில் குழாய். என் தாயார் ஊசி கேட்டார். குழாயைக் கவிழ்த்து, ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.