மீன் தொட்டிக்கான எதிர் சவ்வூடு பரவல் வடிகட்டி

மீன் தொட்டிக்கான எதிர் சவ்வூடு பரவல் வடிகட்டி என்பது, குழாய் நீரில் கரைந்துள்ள உப்புகளைப் பெருமளவு நீக்கி, வளர்ப்பு மீன்களுக்கான நீரைத் தயாரிக்க உதவும் கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது ஆர்.ஓ. எனப்படுகிறது. இக்கருவி தரும் நீரில் கனிமங்கள் மிகக் குறைவு. ஆகவே நன்னீர் மீன்களுக்கு அதனை அப்படியே பயன்படுத்தாமல், தேவையான கனிமங்களை மீண்டும் சேர்த்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.

செயற்படும் முறை

நீரை ஊடுருவ விட்டு உப்பைத் தடுக்கும் சவ்வின் வழியே, செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு மிகுந்த கரைசலுக்கு நீர் தானாகவே செல்வது சவ்வூடு பரவல் ஆகும். செறிவு மிகுந்த பக்கத்தில் போதிய அழுத்தம் கொடுத்தால் நீர் எதிர்த் திசையில் செல்லும், உப்புகள் பின்தங்கும். இதற்கு உகந்த செல்லுலோசு அசிட்டேட்டுச் சவ்வை, சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன் ஆகியோர் லாஸ் ஏஞ்சலசிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1950களின் இறுதியில் உருவாக்கினர். இன்றைய வீட்டுக் கருவிகளில் பெரும்பாலும் பாலியமைடு சவ்வு பயன்படுகிறது.

தேவை

அமேசான் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த டிஸ்கஸ், நியான் டெட்ரா போன்ற மீன்களின் இயற்கை வாழிடம் மென்னீர் ஆகும். கடினமான ஆழ்துளைக் கிணற்று நீரில் இவற்றை இனப்பெருக்கம் செய்விப்பது கடினம். மாறாக, மலாவி ஏரியின் சிக்லிட் மீன்கள் கடின நீருக்குப் பழகியவை; அவற்றுக்குப் பொதுவாக இக்கருவி தேவையில்லை.

அமைக்கும் முறை

1. நீர் முதலில் படிவு வடிகட்டி, பின்னர் கரி வடிகட்டி, இறுதியில் சவ்வு என்ற வரிசையில் செல்ல வேண்டும். குளோரின் பாலியமைடு சவ்வைச் சிதைக்கும் என்பதால் இவ்வரிசையை மாற்றக் கூடாது.
2. சவ்வைப் பொருத்துமுன், கரித்தூள் வெளியேறும்வரை முதலிரு வடிகட்டிகளில் நீரை ஓடவிட வேண்டும்.
3. சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 40 முதல் 60 பவுண்டு அழுத்தம் தேவை. 10 மீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பம் ஏறத்தாழ 14 பவுண்டு அழுத்தமே தரும். எனவே வீட்டு மேல்நிலைத் தொட்டியுடன் இணைக்கும்போது அழுத்தமேற்றும் பம்பு தேவைப்படும்.
4. கழிவுநீர்க் குழாயை அடைக்கக் கூடாது. அடைத்தால் சவ்வில் உப்பு படியும்.
5. புதிய சவ்விலிருந்து முதலில் வரும் நீரைத் தயாரிப்பாளர் கூறும் அளவிற்குக் கொட்டிவிட வேண்டும்.

கனிமம் சேர்த்தல்

கார்பனேட்டுகள் அற்ற நீரில் அமில காரத்தன்மை திடீரென மாறி மீன்கள் இறக்கலாம். இதனைத் தவிர்க்கக் கனிம உப்புக் கலவையையோ, குளோரின் நீக்கிய குழாய் நீரையோ சேர்க்கலாம். எடுத்துக்காட்டாக, கரைந்த திண்மம் 600 பி.பி.எம். உள்ள குழாய் நீர் ஒரு பங்கும், 20 பி.பி.எம். உள்ள வடிகட்டிய நீர் மூன்று பங்கும் கலந்தால் 165 பி.பி.எம். கிடைக்கும். கடல்மீன் தொட்டிக்குக் கரைக்கும் உப்பிலேயே கனிமங்கள் உள்ளன. எவ்வாறாயினும், தொட்டி நீரைப் பல நாட்களில் சிறிது சிறிதாகவே மாற்ற வேண்டும்.

பராமரிப்பு

உள்வரும் நீரையும் வடிகட்டிய நீரையும் டி.டி.எஸ். மானியால் அளந்து ஒப்பிட வேண்டும். நல்ல சவ்வு கரைந்த உப்புகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் நீக்கும். இது தொடர்ந்து குறைந்தால் சவ்வை மாற்ற வேண்டும். வீட்டுக் கருவிகளில் ஒரு லிட்டர் தூய நீருக்கு மூன்று, நான்கு லிட்டர் வரை கழிவாகலாம். உப்பு மிகுந்த இக்கழிவுநீரைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்தலாம்.