குருதியேற்றமும் ஒரு வினாவும்

பாரிஸ் மருத்துவர் ஜான் பாப்டிஸ்ட் டெனி, 1667ஆம் ஆண்டு ஜூன் திங்களில், காய்ச்சலால் நலிந்த 15 வயதுச் சிறுவனுக்கு ஆட்டுக்குட்டியின் குருதியைச் செலுத்தினார். சிறுவன் பிழைத்தான். அவ்வாண்டின் இறுதியில் மனநோயுற்ற அந்துவான் மொருவா என்பவருக்குக் கன்றின் குருதியை ஏற்றினார். இரண்டாம் முறை ஏற்றியபோது கையில் வெப்பம் பரவியது. இடுப்பில் வலி கண்டது. பின்னர்ச் சிறுநீர் புகைக்கரி போலக் கறுத்து வெளியேறியது. டெனி யாவற்றையும் ஒளிக்காது எழுதிவைத்தார். ஏற்ற குருதியின் சிவப்பணுக்கள் உடலுக்குள் சிதைந்ததன் அடையாளங்கள் அவை என்பதை இன்றைய மருத்துவ மாணவர் உடனே உணர்வர். அன்று எவருக்கும் விளங்கவில்லை.

1668இல் மொருவா இறந்தார். வழக்கு மன்றம் டெனியைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. எனினும் பாரிஸ் மருத்துவப் பீடத்தின் ஒப்புதலின்றி இனிக் குருதி ஏற்றலாகாது எனப் பணித்தது. அதன்பின் இம்முயற்சி நெடுங்காலம் உறங்கிற்று. 1818இல் லண்டனில் ஜேம்ஸ் பிளண்டெல் மனிதருக்கு மனிதக் குருதியையே ஏற்றினார். ஆயினும் சிலர் பிழைத்தனர், சிலர் மாண்டனர். காரணம் புலப்படவில்லை.

புலப்படுத்தியவர் வியன்னாவின் கார்ல் லாண்ட்ஸ்டைனர். அவர் செய்த சோதனை வியக்கத்தக்க அளவு எளியது. தம் குருதியையும் உடன் பணியாற்றியோர் குருதியையும் எடுத்து, ஒருவரின் சிவப்பணுக்களை மற்றவரின் ஊநீரோடு கலந்து பார்த்தார். சில கலவைகளில் அணுக்கள் ஒட்டித் திரண்டன, சிலவற்றில் திரளவில்லை. 1901இல் மூன்று குருதி வகைகளை அறிவித்தார். நான்காவதை மறு ஆண்டு அவர்தம் உடன்பணியாளர் கண்டனர். 1907இல் நியூயார்க்கில் ரூபன் ஓட்டன்பர்க், குருதி ஏற்றுவதற்கு முன்பே கொடுப்பவர், பெறுபவர் இருவரின் குருதியையும் பொருத்திப் பார்த்தார். லாண்ட்ஸ்டைனருக்கு நோபல் பரிசு கிடைத்ததோ 1930இல்தான்.

இத்துடன் இடர் நீங்கிற்று என்று எண்ணலாம். நீங்கவில்லை, இடம் மாறிற்று. பிரிட்டனில் 1996 முதல் குருதியேற்றத் தவறுகளைத் திரட்டிப் பதிவு செய்கின்றனர். தொடக்க ஆண்டுகளின் அறிக்கைகளில் மிகுதியாகக் காணப்பட்டது, ஒருவருக்குரிய குருதி மற்றொருவருக்குச் சென்றதே. ஆய்வகம் வகையைச் சரியாகவே கண்டிருக்கும். கட்டிலருகே ஆள் மாறியிருப்பார்.

இங்கேதான் மொழிக்கு வேலை வருகிறது. “நீங்கள்தானே முருகையா?” என்று கேட்டால், மயக்கத்திலோ காது மந்தத்திலோ இருப்பவர், ஏன், மரியாதை கருதும் முதியவர்கூட, “ஆமாம்” என்றே தலையசைப்பார். ஆதலின், “உங்கள் பெயர் என்ன? பிறந்த நாள் எது?” என்று வினவி, நோயாளியின் வாய்மொழியாகவே விடை பெற வேண்டும் என்பது விதி. அவ்விடையைக் கைப்பட்டையோடும் குருதிப் பையின் சீட்டோடும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பின்னரே தாதி குழாயைத் திறப்பார்.