ஜீப்பின் அடிவயிறு

ஜீப்பைப் பத்தி எழுதறவங்க எல்லாரும் எஞ்சினைப் பத்தித்தான் எழுதறாங்க. 2.2 லிட்டர், 60 குதிரைசக்தி, 'கோ டெவில்'னு பட்டப்பேரு, அது இதுன்னு. கொஞ்சம் மெனக்கெட்டவங்க நாலு சக்கரமும் இழுக்கிற கதையைச் சொல்வாங்க. நான் எழுதப்போறது யாரும் குனிஞ்சு பார்க்காத ஒரு இடத்தைப் பத்தி. வண்டிக்கு அடியில, ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல பானை மாதிரி புடைச்சுக்கிட்டு ஒண்ணு தொங்குமே, அதான். ஆக்சில் ஹவுசிங். நம்ம ஊர் மெக்கானிக் பாஷையில 'கிரவுன்'. அதுக்குள்ள தண்ணியும் சேறும் போகாம பார்த்துக்கிறதுக்கு மனுஷன் பட்ட பாடு இருக்கே, அது ஒரு தனிச் சரித்திரம்.

முதல்ல பிரச்சினை என்னன்னு பார்த்துடுவோம். ஹவுசிங்குக்குள்ள பல்சக்கரம் இருக்கு, அது முங்குற மாதிரி ஆயில் இருக்கு. வில்லிஸ் ஜீப்புக்கு ஒரு ஹவுசிங்குக்கு ஒரு லிட்டர் சொச்சம்தான். ரெண்டு பக்கமும் சுத்துற தண்டு வெளியே வந்தாகணும். இரும்புப் பெட்டியிலிருந்து சுத்துற தண்டு வெளியே வருதுன்னா அங்க இடைவெளி இருந்தே தீரும். அந்த இடைவெளியை அடைக்கிறதுதான் ஆயில் சீல். இங்கதான் வேடிக்கை. ஆயில் சீலோட வேலை ஆயிலை உள்ளே வெச்சிருக்கிறது. அதோட உதடு உள்பக்கம் பார்த்துத் தண்டைக் கவ்விக்கிட்டு இருக்கும். உள்ளேயிருந்து ஆயில் தள்ளினா இன்னும் இறுகும். வெளியேயிருந்து தண்ணி தள்ளினா? உதடு தூக்கிக்கும். அதாவது, காவல்காரனை வீட்டுக்குள்ள பார்க்கிற மாதிரி நிக்க வெச்சிருக்கோம்.

இதுக்கு மேல இன்னொரு சிக்கல். மலை ஏறி வந்த வண்டியில ஆக்சில் கை வைக்க முடியாத சூடா இருக்கும். உள்ளே காத்து 80 டிகிரின்னு வெச்சுக்குவோம். அந்தச் சூட்டோட வண்டியை 25 டிகிரி ஆத்துத் தண்ணியில இறக்கறோம். நடு ஆத்துல வண்டி நின்னு போயி ஹவுசிங் முழுசா ஆறிட்டா, மூடின பெட்டிக்குள்ள அழுத்தம் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு குறைஞ்சுடும். பள்ளிக்கூட பௌதிகம்தான், கணக்குப் போட்டுப் பாருங்க. ஏறக்குறைய ஒண்ணரை மீட்டர் தண்ணி மேல நின்னு அழுத்தறதுக்குச் சமம் அது. ஆத்தோட ஆழம் என்னவோ முழங்கால் அளவுதான்! தண்ணி தானா உள்ளே போறதில்லை, ஆக்சில் உறிஞ்சிக் குடிக்குது. தாகமெடுத்த மாடு மாதிரி.

உள்ளே போன தண்ணி ஆயிலோட கலந்து கடையும். ரெண்டு மூணு நாள் ஓடினா ஆயில் பால் காபி கலருக்கு வந்துடும். அதுக்கப்புறம் அது ஆயிலும் இல்லை, தண்ணியும் இல்லை. பேரிங் துருப்பிடிக்கும், பல்லு தேயும். சேறு போச்சுன்னா கேட்கவே வேண்டாம், அதுல இருக்கிற மணல் உப்புத்தாள் வேலையைப் பார்த்துடும்.

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

இந்த சீல் ஆதியில தோல். ஆமாங்க, செருப்பு தைக்கிற அதே தோல்தான். ஜெர்மனியில வைன்ஹைம்ங்கிற ஊர்ல ஃப்ராய்டன்பெர்க்னு ஒரு தோல் பதனிடும் கம்பெனி. 1929 பொருளாதார வீழ்ச்சியில தோல் வியாபாரம் படுத்துப்போச்சு. தோலை வேற எதுக்கு விக்கலாம்னு யோசிச்சவங்க கார் கம்பெனிகளுக்கு சீல் செய்ய இறங்கினாங்க. வால்டர் சிம்மர்ங்கிற பொறியாளர் பேர்லயே 'சிம்மரிங்'னு ஒரு சீல் வந்தது. உள்ளே தோல் உதடு, அதைத் தண்டோட அழுத்திப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். 1936ல தோலுக்குப் பதிலா செயற்கை ரப்பர். இன்னைக்கு உங்க பைக்குல இருக்கிற ஆயில் சீல் வரைக்கும் அதே அமைப்புதான். ஒரு தொழில் படுத்ததால இன்னொரு தொழில் எழுந்த கதை. இதை மட்டும் தனியா ஒரு பதிவாவே எழுதலாம்.

ஆனா 1941ல் தயாரிப்புக்கு வந்த ஜீப்புக்கு அதுக்கும் மேல ஒரு தலைவலி இருந்தது. பின் சக்கரம் சுத்தினா போதும். முன் சக்கரம் சுத்தவும் வேணும், திரும்பவும் வேணும். அதுக்கு முன் ஆக்சிலோட ரெண்டு முனையிலும் வளைஞ்சுகிட்டே சுத்துற ஒரு இணைப்பு தேவை. 1926ல் பிரான்ஸ்ல கிரெகுவாரும் ஃபெனாயும் கொண்டுவந்த 'ட்ராக்டா' ஒரு வகை. ஃபோர்டுல வேலை பார்த்த ஆல்ஃப்ரட் ரெஸெப்பா அதே காலத்துல உருவாக்கின, குண்டுகள் வெச்ச இணைப்பு இன்னொரு வகை. பெண்டிக்ஸ் மூணாவது. போர்க்கால அவசரத்துல எது கிடைச்சதோ அதைப் போட்டு ஜீப்பை அனுப்பினாங்க. கிட்டத்தட்ட 6,40,000 ஜீப் செய்யணும்னா எந்த ஒரே பட்டறையாலயும் முடியாதில்லையா.

இந்த இணைப்பை ஒரு இரும்புப் பந்துக்குள்ள வெச்சு மூடினாங்க. ஹவுசிங் முனையில பந்து, அதை மூடின மாதிரி சக்கரத்தோட சேர்ந்து திரும்புற ஒரு கிண்ணம். நம்ம தோள்பட்டை மூட்டு மாதிரி. ஸ்டீயரிங்கைத் திருப்பினா கிண்ணம் பந்து மேல வழுக்கும். ரெண்டுக்கும் நடுவுல சேறு போகாம இருக்க என்ன வெச்சாங்க தெரியுமா? ஃபெல்ட். கம்பளித் துணி! எண்ணெயில ஊறின ஒரு கம்பளி வளையம், அதை இறுக்கிப் பிடிக்க ஒரு தகடு, சில போல்ட். பந்தைத் துடைச்சுக்கிட்டே இருக்கும், அவ்வளவுதான் பாதுகாப்பு. உலகப்போரை ஜெயிச்ச வண்டின்னு சொல்றாங்களே, அதோட முன் சக்கரங்களுக்குக் காவல் ஒரு கம்பளித் துண்டு.

கேக்க சிரிப்பா இருக்கும். ஆனா சேத்துக்கு அது மோசமில்லை. ரப்பர் கிழியும், தோல் காஞ்சா விறைக்கும். கம்பளி தேயுமே தவிர சட்டுனு கிழியாது. தண்ணிக்குத்தான் அது ஒண்ணும் பண்ணாது.

தண்ணி விஷயம் பெருசா வெடிச்சது 1944ல். ஜூன் 6, நார்மண்டி. கப்பல்ல இருந்து வண்டிகளைக் கடல்ல இறக்கி ஓட்டிக்கிட்டு கரையேறணும். இதுக்காகவே பிரிட்டிஷ்காரங்க வடக்கு டெவன்ல ஆப்பிள்டோர், இன்ஸ்டோ பக்கம் வண்டிகளைக் கடல்ல ஓட்டிப் பரிசோதனை பண்ணியிருக்காங்க. எஞ்சினுக்குத்தான் முதல் மரியாதை. மின்சார பாகங்கள் மேல ஆஸ்பெஸ்டாசும் கிரீசும் கலந்த பிசின் அப்பினாங்க, காத்துக்கும் புகைக்கும் குழாய் வெச்சுத் தூக்கினாங்க. கரை ஏறினதும் முதல் வேலை அதையெல்லாம் பிய்ச்சுப் போடறது. இல்லைன்னா எஞ்சின் சூடேறிடும்.

ஆக்சில் கதை வேற. எஞ்சினுக்குள்ள தண்ணி போனா வண்டி அங்கேயே நின்னுடும், உடனே தெரிஞ்சுடும். ஆக்சிலுக்குள்ள கடல்தண்ணி போனா ஒண்ணுமே தெரியாது. வண்டி ஜம்முனு ஓடும். ஒரு வாரமோ பத்து நாளோ கழிச்சு, எங்கேயோ ஒரு சந்துல, ஹப் பேரிங் பிடிச்சு சக்கரம் இறுகும். அதனாலதான் ராணுவ பராமரிப்பு விதிகள்ல இதைத் திரும்பத் திரும்ப சொல்றாங்க: ஆழத் தண்ணியில இறங்கின வண்டின்னா சக்கரத்தைக் கழட்டு, பேரிங்கைக் கழுவு, புது கிரீஸ் அடை, கிரவுன் ஆயிலைத் திறந்து பாரு. சண்டைக்கு நடுவுல இதைச் செய்யணும்! எஞ்சின் மூடியைத் திறக்கிற படத்தை எல்லாரும் பார்த்திருப்போம். மழையில வண்டிக்கு அடியில படுத்து ஹப்பைக் கழுவினவனை யார் படமெடுத்தா?

போருக்கப்புறம் 1950ல் வந்த எம்38 ஜீப்புல பாடம் படிச்சது தெரியுது. 24 வோல்ட் மின்சாரம், எல்லாம் தண்ணி புகாத மூடிக்குள்ள. தனி கிட் மாட்டினா ஓட்டுநர் தலை மட்டும் வெளியே தெரியுற ஆழம் வரைக்கும் ஓடும். ஆனா முன் ஆக்சில் முனையில? அதே பந்து, அதே கம்பளி.

இங்கிலாந்துல 1948ல் வந்த லேண்ட் ரோவரும் ஜீப்பைப் பார்த்து வந்ததுதான், மாரிஸ் வில்க்ஸ் தன் பண்ணையில ஓட்டினது ஒரு வில்லிஸ் ஜீப். அவங்க பந்துக்கு குரோம் முலாம் பூசினாங்க, ரப்பர் சீல் வெச்சாங்க. புதுசுல கண்ணாடி மாதிரி இருக்கும். அப்புறம் சேறு காஞ்சு ஒட்டும், கல்லு பட்டு முலாம் பொத்துக்கும், துரு குழி விழும். அந்தக் குழியோட விளிம்பு ரப்பர் உதட்டைச் சீவிடும். புது சீல் போட்டாலும் ஆறு மாசத்துல ஒழுகும். ஏன்னா வியாதி சீல்ல இல்லை, பந்துல.

உண்மையான விடை எவ்வளவு சாதாரணமானது பாருங்க. ஒரு ரப்பர் குழாய்! ஹவுசிங் மேல 'பிரீதர்'னு ஒரு சின்ன ஓட்டை இருக்கும், சூடான காத்து வெளியே போக. பழைய வண்டிகள்ல இது ஹவுசிங் மேலயே உட்கார்ந்திருக்கும். பலதுல ஒரு குண்டு வால்வு, காத்து வெளியே போகலாம், உள்ளே வர முடியாது. தண்ணி வராம இருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆனா மேலே சொன்ன கணக்கை நினைச்சுப் பாருங்க. ஆறும்போது காத்து உள்ளே வர வழியே இல்லைன்னா எங்கேயிருந்து உறிஞ்சும்? சீல் வழியாத்தான். பாதுகாப்புன்னு வெச்சதே வினை. போதாததுக்கு அந்தக் குண்டு சேறு பட்டு ஒட்டிக்கும். அப்புறம் வெளியேயும் போகாது, சூட்டுல ஆயிலே சீலைத் தள்ளிக்கிட்டு வரும். அந்த ஓட்டையில ஒரு குழாயை மாட்டி எஞ்சின் அறை உயரத்துக்குக் கொண்டுபோயிட்டா முடிஞ்சது. ஆக்சில் மூச்சு விடலாம், தண்ணி குடிக்க வேண்டாம். பிந்தைய டிஃபெண்டர்கள்ல இது வந்தது. 1980கள்ல வந்த அமெரிக்க ஹம்வீ எந்த ஏற்பாடும் இல்லாம 76 சென்டிமீட்டர், கிட் மாட்டினா 152 சென்டிமீட்டர் தண்ணியில போகும்.

ஜெர்மன்காரங்க யுனிமாக்குல (1948) வேற மாதிரி யோசிச்சாங்க: ஆக்சிலையே சக்கர மையத்துக்கு மேல தூக்கிட்டாங்க. நல்ல யோசனை, செலவான யோசனை. அமெரிக்க ஜீப்புக்காரங்க 1972ல் பந்தையே தூக்கி எறிஞ்சுட்டு இணைப்பைத் திறந்து வெச்சாங்க. ஆயிலை உள்ளேயே நிறுத்தி, திறந்த இணைப்புக்கு கிரீஸ் மட்டும். நனைஞ்சா நனையட்டும்னு விட்டாச்சு.

இது நமக்குத் தூரத்துக் கதை இல்லை. 1940களின் கடைசியிலேயே மகிந்திரா இங்கே வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பிச்சது. நம்ம மலைத் தோட்டங்கள்ல தேயிலையும் ஏலக்காயும் ஆளும் ஏத்தின ஜீப்புங்க அந்த வம்சம்தான். மலையில ஹப் சீல் போனா தண்ணி உள்ளே வர்றது பாதி ஆபத்து. மீதிப் பாதி, அதே சீல் வழியா ஆயில் வெளியே வந்து பிரேக் டிரம்முக்குள்ள விழறது. லைனிங் ஆயில் குடிச்சுட்டா இறக்கத்துல பிரேக்கை மிதிச்சா வண்டி ஒரு பக்கமா இழுக்கும், இல்லைன்னா நிக்கவே நிக்காது. கொண்டை ஊசி வளைவுல இதோட அர்த்தம் என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. போடி பக்கம் ஒரு வயசான மெக்கானிக் ஜீப் சக்கரத்தோட உள்பக்கத்தை விரலால தடவி, முகர்ந்து பார்த்துட்டுத்தான் மத்த வேலையையே தொடுவார். "எஞ்சின் நின்னா தள்ளிக்கலாம் தம்பி"ன்னு மட்டும் சொன்னார்.

கம்பளி என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா? 1984ல் வந்த டொயோட்டா லேண்ட் க்ரூஸர் 70ல் ரப்பர் வளையத்துக்குப் பக்கத்துலயே ஒரு ஃபெல்ட் வளையம் இருக்கு. 1985ல் வந்த நம்ம மாருதி ஜிப்ஸியிலயும் அப்படியே. அடுத்த தடவை எங்கேயாவது ஜிப்ஸியோட முன் சக்கரத்தைக் கழட்டி வெச்சிருந்தா எட்டிப் பாருங்க. பந்தைச் சுத்தி, எண்ணெயில கறுத்துப்போய், ஒரு விரல் தடிமன்கூட இருக்காது. புதுசு மாட்டும்போது அதைக் காய்ஞ்சபடியே போட்டுடாம, முதல் நாளே ஆயில்ல ஊறப் போட்டு வைப்பாங்க.