கரையை உடைத்தவர்கள்



அமெரிக்காவில் மிசிசிப்பி ஆறு கடலை நெருங்கும் லூயிசியானா சதுப்பு நிலத்தில் டெலக்ரோ என்னும் மீனவர் ஊர் உண்டு. அப்பகுதியில் 1778 முதல் ஸ்பெயின் அரசு குடியேற்றிய கேனரி தீவு ஏழைக் குடும்பங்களின் சந்ததியார் அவ்வூரார். ‘இஸ்லேனோ’, அதாவது தீவார், என அழைக்கப்பட்டனர். இறாலும் நண்டும் பிடித்தார்கள். குளிர்காலத்தில் தோலுக்காகக் கஸ்தூரி எலிகளைப் பிடித்தார்கள். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஸ்பானிய மொழியைக் காத்தார்கள்.

1927-இல் பெருவெள்ளம் வந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரைக் காக்க, ஏப்ரல் 29 அன்று, நகருக்குக் கீழே கேர்னார்வனில் ஆற்றின் கரையை வெடிவைத்துத் தகர்த்தனர். ஏழைகளின் வீடுகளும் பிழைப்பும் மூழ்கின. மேல்பகுதியில் கரைகள் தாமாகவே உடைந்ததால், வெடியே தேவையற்றதாயிற்று. வாக்களித்த இழப்பீடோ பலருக்குச் சொற்பமாகவே கிடைத்தது, சிலருக்கு ஒன்றுமேயில்லை.

அநேகருக்காக ஒருவன் அழியலாம் என்று காய்பாவும் கணக்கிட்டான். நம் ஆண்டவரோ பிறரை அனுப்பாமல் தம்மையே கொடுத்தார். இரண்டும் பலியே; ஆனால் ஒன்று பறித்தது, மற்றொன்று ஈந்தது.

பிரியமானவர்களே, நம் குடும்பத்திலும் சபையிலும் பொதுநன்மை என்று சொல்லி யாருடைய கரையை உடைக்கிறோம்? நம் பாதுகாப்பின் விலையைக் கேட்கப்படாத ஏழை செலுத்தாதபடி, கர்த்தர் நம்மை உணர்த்துவாராக. ஆமென்.