பூட்டிய அறை

கதை எழுதுகிறவனுக்குப் பூட்டிய அறை என்றால் ஒரு சபலம். சட்டசபைச் சரித்திரம் படிக்கும்போதும் என் மனம் சபையை விட்டுக் கமிட்டி அறையைத் தேடிப் போகிறது. மசோதாவின் ஆயுள் நிச்சயமாவது அங்கேதானே?

அமெரிக்காவில் நெப்ராஸ்கா ராஜ்யத்துக்கு முன்பு இரண்டு சபைகள் இருந்தன. ஒரே மசோதாவை இரண்டும் வெவ்வேறு விதமாக நிறைவேற்றினால், இரு தரப்பிலும் சிலர் கமிட்டியாகக் கூடிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். அவர்கள் கொண்டுவருவதைச் சபையார் அப்படியே ஏற்க வேண்டும், அல்லது தள்ள வேண்டும், திருத்த முடியாது. நல்ல ஷரத்து ஒன்று உள்ளே மாண்டால், கொன்றவர் யார் என்று குடியானவனுக்குத் தெரியாது.

ஜார்ஜ் நாரிஸ் என்ற செனட்டருக்கு இது பொறுக்கவில்லை. 1934-இல், தமது 73-வது வயதில், ஊர் ஊராக மோட்டாரில் சென்று பிரசாரம் செய்தார். ஒரே சபை போதும் என்று ஜனங்கள் வோட்டளித்தார்கள். 1937-இல் புதிய சபை கூடியது. 133 அங்கத்தினர்கள் இருந்த இடத்தில் 43 பேர்! அங்கே ஒவ்வொரு மசோதாவுக்கும் கமிட்டி பகிரங்க விசாரணை நடத்தியாக வேண்டும். சாதாரணக் குடிமகனும் எழுந்து பேசலாம்.

மசோதாவைக் கொல்லும் அதிகாரம் கமிட்டிக்கு இன்றும் உண்டு. ஆனால், அதை நம்பி வந்தவர்களின் முகத்தைப் பார்த்த பிறகுதான் கொல்ல வேண்டும். அந்த வித்தியாசம் அற்பமானதல்ல.