நெட்ஸ்கேப் மூலநிரல் வெளியீடு (1998)

நெட்ஸ்கேப் மூலநிரல் வெளியீடு என்பது, அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் கம்யூனிக்கேட்டர் உலாவித் தொகுப்பின் மூலநிரலை 1998 மார்ச் 31 அன்று எல்லோருக்கும் திறந்துவிட்ட நிகழ்வாகும். மொசில்லா திட்டமும் பின்னாளில் ஃபயர்பாக்ஸ் உலாவியும் இதிலிருந்து தோன்றின.

பின்னணி

1990களின் நடுவில் உலாவி என்றாலே பலருக்கும் நெட்ஸ்கேப்தான். மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை இலவசமாகத் தந்து விண்டோசுடன் பிணைத்தபின் அந்நிலை மாறியது. உலாவியை விலைக்கு விற்றுப் பிழைக்க முடியாது என்றானதும், 1998 சனவரி 22 அன்று நெட்ஸ்கேப் இரண்டு முடிவுகளை அறிவித்தது. உலாவி இனி இலவசம். அடுத்த பதிப்பின் மூலநிரலும் வெளியிடப்படும். 'ஓப்பன் சோர்ஸ்' என்ற சொல்லைக் கிறிஸ்டின் பீட்டர்சன் முன்மொழிந்தது இதற்கடுத்த சில நாட்களில்தான். தமிழில் அதைத் திறமூலம் என்கிறோம்.

துப்புரவு

அறிவிப்புக்கும் வெளியீட்டுக்கும் இடையே இருந்தவை பத்து வாரங்கள் கூட இல்லை. கோப்புகளை அப்படியே இணையத்தில் ஏற்றிவிட முடியாததற்குக் காரணம், அந்த நிரல் முழுவதும் நெட்ஸ்கேப்புக்குச் சொந்தமானதன்று என்பதே. பிற நிறுவனங்களிடம் உரிமம் பெற்றுச் சேர்த்த பகுதிகள் எழுபதுக்கும் மேல் இருந்தன. ஒவ்வோர் உரிமையாளரையும் அணுகி இசைவு கேட்க வேண்டியிருந்தது. இசையாதவர்களின் பகுதியை நீக்க வேண்டும், அல்லது அதற்கு மாற்று எழுத வேண்டும். சன் நிறுவனத்தின் ஜாவா அவ்வாறு விடுபட்டது.

மறையாக்கம் இன்னும் பெரிய தலைவலி. வலுவான மறையாக்க நிரலை நாட்டுக்கு வெளியே அனுப்ப அன்றைய அமெரிக்கச் சட்டம் கடுங்கட்டுப்பாடு விதித்திருந்தது. மறையாக்கப் பகுதியை வெட்டியெடுத்தால் மட்டும் போதவில்லை; மற்றப் பகுதிகளிலிருந்து அதை அழைக்கும் வரிகளையும் தேடித்தேடி அகற்ற வேண்டியிருந்தது. இத்தனை பாடும் காத்தது சட்டத்தின் எழுத்தை மட்டுமே. வெளியீடு நடந்து ஒரு நாள் ஆகுமுன்பே, அச்சட்டம் எட்டாத ஆஸ்திரேலியாவிலிருந்த நிரலாளர்கள் மறையாக்கத்தைச் சேர்த்துத் தங்கள் பதிப்பை வெளியிட்டுவிட்டனர்.

நிரலின் இடையிடையே பொறியாளர்கள் எழுதி வைத்திருந்த குறிப்புகளையும் வடிகட்ட நேர்ந்தது. யாரும் படிக்கப்போவதில்லை என்ற துணிவில் எழுதிய வசைகளும் கேலிகளும் அவற்றில் நிறையவே இருந்தன.

உரிமம்

வழக்கிலிருந்த உரிமங்கள் பொருந்தவில்லை என்று கருதி, மிட்செல் பேக்கர் முதலானோர் புதிய உரிமம் ஒன்றை வரைந்தனர். வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தபோது எதிர்ப்பு எழுந்தது. வெளியார் தரும் திருத்தங்களைத் தன் தனியுடைமைப் பொருள்களில் சேர்த்துக்கொள்ளும் சலுகையை நெட்ஸ்கேப் தனக்கு மட்டும் ஒதுக்கிக்கொண்டிருந்தது. ஊரார் உழைப்பு, ஒருவருக்கு மட்டும் தனிச்சலுகை என்றால் யார்தான் ஒப்புவர்? முடிவில் இரண்டு உரிமங்கள் வந்தன. பழைய நிரலுக்கு அச்சலுகையுள்ள நெட்ஸ்கேப் பொது உரிமம். புதிதாக எழுதப்படுவதற்கு அச்சலுகை இல்லாத மொசில்லா பொது உரிமம்.

வெளியீட்டுக்குப் பின்

குறித்த நாளில் நிரல் வெளிவந்தது. ஆனால் அது மக்கள் பயன்படுத்திவந்த உலாவியாக இல்லை. பல உறுப்புகள் வெட்டப்பட்ட, பாதியில் நின்ற நிரலாக இருந்தது. யுனிக்ஸ் வகைக் கணினிகளில் அதை நிறுவிப் பார்க்க மோட்டிஃப் என்னும் வணிக நிரலகம் வேறு தேவைப்பட்டது. லினக்ஸ் பயன்படுத்திய ஆர்வலர்களில் பலரிடம் அது இல்லை. எதிர்பார்த்த அளவு வெளியார் வந்து சேராததற்கு இவையும் காரணங்கள். மொசில்லாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜேமி சவின்ஸ்கி, 1999இல் ஓராண்டு நிறைவையொட்டி விலகியபோது இக்குறைகளை வெளிப்படையாகவே எழுதினார்.

இதற்கிடையே 1998 அக்டோபரில், பக்கங்களை வரைந்து காட்டும் பழைய இயந்திரத்தைக் கைவிட்டு, பின்னர் கெக்கோ எனப் பெயர்பெற்ற புதிய இயந்திரத்தின் மேல் உலாவியைத் திரும்பக் கட்ட முடிவாயிற்று. அடுத்த மாதமே நெட்ஸ்கேப்பை வாங்கப்போவதாக ஏஓஎல் அறிவித்தது. மொசில்லா 1.0 வெளிவர 2002 சூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது, ஃபயர்பாக்ஸ் 1.0 வந்தது 2004 நவம்பரில். பத்து வாரம் அரும்பாடுபட்டுத் துடைத்தெடுத்த நிரலில் பெரும்பகுதி அதற்குள் வழக்கொழிந்திருந்தது. அந்த வாரங்களில் எழுதப்பட்ட மொசில்லா பொது உரிமமோ, 2012இல் இரண்டாம் பதிப்பு கண்டு இன்றும் புழக்கத்தில் உள்ளது.